சிம் ட்ரே ஏன் சிக்குது? ஒரு சின்னத் துளையின் வரலாறு

போன் திருத்துற கடைகளுக்கு வருகிற முறைப்பாடுகளில் ஆகச் சின்னது "சிம் ட்ரே வருதில்லை" என்பதாகத்தான் இருக்கும். திரை உடையவில்லை, பற்றரி வீங்கவில்லை, தண்ணிக்குள்ளும் விழவில்லை. விரல் நகத்தின் அளவுள்ள ஒரு தட்டு வெளியே வர மறுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நகத்தளவுத் தட்டை ஊக்காலும் கத்தி நுனியாலும் கிண்டப்போய் மைக்கைக் கெடுத்தவர்களும், உள்ளே இருக்கிற கம்பிகளை முறிச்சவர்களும் கனபேர்.

ட்ரே ஏன் சிக்குது எண்டு கேட்டால் தூசி, வளைவு, வெட்டின சிம் என்று கடைக்காரர் ஒரு பதில் சொல்லுவார். அது சரியான பதில்தான். ஆனால் அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆண்டும், ஒரு தீர்மானமும் இருக்கு. ஒரு ஆளின் தொலைபேசி இலக்கத்தை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு மாற்றுவது யாருடைய கையில் இருக்கவேண்டும் என்ற கேள்வி முப்பது வருசத்துக்கு மேலாக இழுபட்டு வந்திருக்கு. சிக்கிய ட்ரே அந்த இழுபறிக்குள்ளே பிறந்த ஒரு பொருள். அதை அப்படி வாசிக்கத்தான் இந்தக் கட்டுரை.

இலக்கம் போனுக்குள்ளே இருந்த காலம்

முதல் தலைமுறைக் கைத்தொலைபேசிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிம் கிடையாது. இணைப்பு நிறுவனம் உங்கள் இலக்கத்தைப் போனுக்குள்ளேயே எழுதித் தரும். போன் பழுதானால் இலக்கமும் அதோடு கடைக்குப் போகும். போனை மாற்றவேண்டுமென்றால் நிறுவனத்திடம்தான் போகவேண்டும். இலங்கையில் 1989 இல் செல்டெல் தொடங்கியபோது வந்ததும் அந்த அனலொக் முறைதான்.

இதை மாற்றியது ஐரோப்பா. 1982 இல் ஐரோப்பிய நாடுகளின் தபால், தொலைத்தொடர்பு நிர்வாகங்கள் சேர்ந்து பொதுவான கைத்தொலைபேசி நியமம் ஒன்றை எழுத ஒரு குழுவை அமைத்தன. அந்தக் குழுவின் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள்தான் ஜிஎஸ்எம். 1987 செப்டெம்பரில் கொப்பன்ஹேகனில் 13 நாடுகளின் இணைப்பு நிறுவனங்கள் அதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டில் வாங்கிய இணைப்பு இன்னொரு நாட்டிலும் வேலை செய்யவேண்டும், போன் செய்கிற கொம்பனி வேறாகவும் இணைப்புத் தருகிற கொம்பனி வேறாகவும் இருக்கலாம் என்பது அவர்களின் எண்ணம். அதற்கு ஆளின் அடையாளத்தைப் போனிலிருந்து பிரித்தெடுக்கவேண்டியிருந்தது.

பிரித்தெடுத்து எங்கே வைப்பது? அதற்கான பொருள் ஏற்கனவே இருந்தது. பிளாஸ்டிக் அட்டைக்குள் சிப் வைக்கும் யோசனைக்கு 1968 இலேயே ஜேர்மனியில் டெத்லொஃப், குரொட்ரூப் என்ற இருவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். 1974 இல் பிரான்சில் ரொலான்ட் மொரேனோவும் அந்த வழியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1985 இல் தொடங்கிய ஜேர்மனியின் "சி" வலையமைப்பில் பாவனையாளருக்கு ஒரு தனி அட்டையே இருந்தது. ஜிஎஸ்எம் குழு இந்த அட்டையை எடுத்துத் தன் நியமத்தின் நடுவில் வைத்தது.

1991 இல் மியூனிக்கின் கீசெக்க அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் முதல் 300 சிம் காட்களைப் பின்லாந்தின் றேடியோலின்யா நிறுவனத்துக்கு விற்றது. அதே ஆண்டு ஜூலை 1 ஆம் திகதி பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹரி ஹொல்கேரி, தம்பெரே நகரின் துணை மேயருக்கு எடுத்த அழைப்பு முதல் ஜிஎஸ்எம் அழைப்பாகச் சொல்லப்படுகிறது. அந்தக் காலத்துச் சிம் வங்கி அட்டையின் அளவு: 85.6 மில்லிமீற்றர் நீளம், 54 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். அதை முழுசாக விழுங்குகிற அளவுக்குப் போனும் பெரிது.

சிம்முக்குள் இருப்பது என்ன? உங்கள் பெயர் அதில் இல்லை. உங்கள் கணக்கை வலையமைப்புக்குக் காட்டுகிற ஒரு 15 இலக்க எண் இருக்கும். இலங்கைச் சிம் என்றால் அது 413 இல் தொடங்கும். கூடவே ஒரு இரகசியச் சாவி. வலையமைப்பு ஒரு எண்ணை அனுப்பும், சிம் அந்தச் சாவியை வைத்துக் கணக்குப் போட்டுப் பதிலை மட்டும் திருப்பி அனுப்பும், சாவி அட்டையை விட்டு வெளியே வராது. போனுக்கு ஐஎம்இஐ என்ற வேறொரு எண். ஆள் வேறு, பொருள் வேறு என்பது இந்த இரண்டு எண்களாலும் உறுதியானது. இப்போது உங்களிடம் கழற்றின சிம் ஒன்று இருந்தால் முதுகுப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நீண்ட எண்ணைப் பாருங்கோ. 89 என்பது தொலைத்தொடர்பு அட்டை என்பதற்கு. அடுத்த 94 எங்களின் நாட்டுக் குறியீடு.

பற்றரிக்குக் கீழே

இலங்கைக்குச் சிம் வந்தது 1995 இல், டயலொக் ஜிஎஸ்எம் சேவையைத் தொடங்கியபோது. யாழ்ப்பாணத்தில் கைத்தொலைபேசி பரவலானது 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான். அப்போது சிம் 25 க்கு 15 மில்லிமீற்றராகச் சுருங்கியிருந்தது. இதைத்தான் பிறகு மினி சிம் என்று சொன்னார்கள்.

2003 இல் வந்த நொக்கியா 1100 எங்களில் பலர் வீட்டில் இருந்த டோர்ச் லைட் போன். அதில் சிம் மாற்றுவது எப்படி? பின் மூடியைக் கழற்று, பற்றரியைத் தூக்கு, சிம்மைத் தள்ளு. கருவி எதுவும் தேவையில்லை. சிம் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும், சிக்கினாலும் எங்கே சிக்கியிருக்கு என்று தெரியும். பற்றரியைக் கழற்றாமல் சிம்மைத் தொட ஏலாது என்பதால், மின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை இழுக்கும் ஆபத்தும் இல்லை.

இந்த வசதியைச் சுற்றி ஒரு வாழ்க்கை முறையே வளர்ந்தது. ஒரு வீட்டில் ஒரு போன், ஆளுக்கொரு சிம். சார்ஜ் இறங்கிய போனிலிருந்து சிம்மைக் கழற்றிப் பக்கத்து வீட்டுப் போனில் போட்டு ஒரு அவசரக் கோல். வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவின் பழைய போன் மருமகனுக்குப் போகும்போது, போன் மட்டும் கைமாறும், இலக்கம் அவரவரிடமே இருக்கும். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை. சிம் எடுக்கும்போது அடையாள அட்டை கொடுக்கவேண்டும்தான். ஆனால் எடுத்த பிறகு அது எந்தப் போனில் இருக்கவேண்டும் என்று தீர்மானித்தது உங்கள் பெருவிரல்.

துளை வந்த கதை

2007 இல் முதல் ஐபோன் வந்தது. பற்றரியைப் பாவனையாளர் கழற்ற முடியாது. பின் மூடி திறக்காது. அப்படியென்றால் சிம்மை எங்கே வைப்பது? போனின் மேல் விளிம்பில் ஒரு சின்னத் தட்டு, தட்டில் ஒரு துளை. பேப்பர் கிளிப்பை நீட்டிக் குத்தினால் தட்டு வரும். அடுத்த ஆண்டு ஐபோன் 3ஜியோடு அதற்கென்றே ஒரு சிறிய உலோகப் பின்னையும் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தார்கள்.

இந்தத் துளை அப்பிளுக்குப் புதிசில்லை. 1984 இல் வந்த மெக்கின்டொஷ் கணினியில் பிளொப்பி டிஸ்க்கை வெளியே எடுக்கப் பொத்தான் கிடையாது, கணினிதான் வெளியே தள்ளும். கணினி தள்ளாவிட்டால் குத்துவதற்குப் பேப்பர் கிளிப் அளவில் ஒரு துளை வைத்திருந்தார்கள். பிறகு வந்த சிடி டிரைவ்களிலும் அதே துளை இருந்தது. மெசின் ஒத்துழைக்காத நேரத்துக்கு என்று வைத்த அவசர வழி அது. போனில் அந்த அவசர வழியே ஒரே வாசலாகிப் போனது. முழுசாக மூடப்பட்ட ஒரு பொருளில் பாவனையாளர் திறக்கக்கூடிய கடைசி இடமும் அதுதான். மற்றக் கொம்பனிகளும் பற்றரியை உள்ளே வைத்து ஒட்டத் தொடங்கியபோது அதே துளையைத் தங்கள் போன்களிலும் வைத்தன.

உள்ளே நடப்பது எளிமையானது. துளைக்குள் போகும் பின் ஒரு சின்ன நெம்புகோலின் ஒரு முனையைத் தள்ளுகிறது. நெம்புகோலின் மறுமுனை ட்ரேயை வெளியே தள்ளுகிறது. ட்ரேக்கு மேலே சிம் ரீடரின் ஆறு சின்னக் கம்பிகள் வில் போலக் கீழே அமுக்கிக்கொண்டிருக்கும். சிம்மின் பொன்னிற முகம் அந்தக் கம்பிகளைத் தொட்டால்தான் இணைப்பு வரும். சிக்கல் எல்லாம் இந்த மூன்றுக்குள்தான்: நெம்புகோல், தட்டு, கம்பி.

0.09 மில்லிமீற்றர்

2010 இல் ஐபாடும் ஐபோன் 4 உம் மைக்ரோ சிம்முக்கு மாறின. அளவு 15 க்கு 12 மில்லிமீற்றர். சுருங்கியது பிளாஸ்டிக் மட்டும்தான், சிப்பின் தொடுமுகங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. இதைக் கவனித்தவர்கள் மினி சிம்மைக் கத்தரிக்கோலால் வெட்டி மைக்ரோ ஆக்கினார்கள். ஸ்டேப்ளர் போன்ற சிம் கட்டர்கள் போன் கடை மேசைகளுக்கு வந்தன.

அடுத்தது நானோ சிம். இங்கேதான் ஒரு உண்மையான சண்டை நடந்தது. நியமத்தைத் தீர்மானிக்கும் ஐரோப்பியத் தொலைத்தொடர்பு நியம நிறுவனத்தில் ஒரு பக்கம் அப்பிளின் வடிவம், மறுபக்கம் நொக்கியா, மோட்டோரோலா, பிளக்பெரி செய்த ரிம் ஆகியவற்றின் எதிர்ப்பு. அப்பிளின் வடிவத்தைப் போட ஒரு ட்ரே தேவை, தங்களின் வடிவத்துக்கு அது தேவையில்லை என்பது நொக்கியாவின் வாதங்களில் ஒன்று. அப்பிளின் வடிவம் தெரிவானால் தன் காப்புரிமைகளைத் தரமாட்டேன் என்றும் நொக்கியா சொன்னது. சிக்குவது பற்றியும் அங்கே பேசப்பட்டது. புதிய காட்டின் நீளம் மைக்ரோ சிம்மின் 12 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சமமாக இருந்தால், யாராவது அதைப் பக்கவாட்டில் பழைய போனுக்குள் தள்ளிவிடுவார்கள், பிறகு வெளியே வராது. 2012 ஜூன் தொடக்கத்தில் ஜப்பானின் ஒசாக்காவில் கூடியபோது குழு ஒரு முடிவுக்கு வந்தது: 12.3 க்கு 8.8 மில்லிமீற்றர். அப்பிளின் பக்கம் வென்றது. அந்த 0.3, சிக்காமல் இருப்பதற்கான இடைவெளி. அதே ஆண்டு செப்டெம்பரில் ஐபோன் 5 நானோ சிம்மோடு வந்தது.

ஆனால் இன்னொரு எண்ணும் மாறியிருந்தது. மினியும் மைக்ரோவும் 0.76 மில்லிமீற்றர் தடிப்பு, நானோ 0.67. வித்தியாசம் வெறும் 0.09 மில்லிமீற்றர். மைக்ரோவைச் சரியான நீள அகலத்துக்கு வெட்டினாலும் அது நானோ ஆகிவிடாது, தடிப்பு மிஞ்சும். சாண்ட் பேப்பரில் தேய்த்துக் குறைத்தவர்களும் உண்டு. தேய்க்காமல் அமுக்கிப் போட்டவர்களின் ட்ரே உள்ளே போகும். வெளியே வருவதுதான் கஷ்டம்.

இனி நான்கு விதச் சிக்கல்

இப்போது கடைக்காரரின் பட்டியலுக்குத் திரும்பலாம். ஒவ்வொன்றும் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதும் விளங்கும்.

முதலாவது, துளை மாறிக் குத்துவது. அதே அளவில் மைக்கின் துளைகளும் போனின் மேலேயும் கீழேயும் இருக்கும். ட்ரேயைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும். பெரும்பாலான போன்களில் சரியான துளை அந்தக் கோட்டுக்குள்ளே இருக்கும். கோடு இல்லாத இடத்தில் இருக்கிற துளையில் கை வைக்கவேண்டாம்.

இரண்டாவது, நெம்புகோல் வேலை செய்யாதது. கூரான ஊசியும் சாய்வாகக் குத்துவதும்தான் இதில் பெரும்பாலும் பிழை. கூர் முனை நெம்புகோலில் நிற்காமல் வழுக்கிப் பக்கத்தில் போகும். முனை மழுங்கின, வளையாத பின்தான் வேணும். போனை நிறுத்துங்கோ. கவரைக் கழற்றுங்கோ, கவர் விளிம்பே ட்ரேயைப் பிடிச்சுக்கொண்டிருக்கலாம். பின்னை நேராக, ஒரே சீரான அழுத்தத்தில் தள்ளுங்கோ. குத்திக் குத்தி எடுக்கிற வேலை இல்லை இது. 2016 இல் வந்த ஐபோன் 7, கலக்ஸி எஸ்7 காலத்திலிருந்து தண்ணீர் புகாத போன்களின் ட்ரேயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் பரவலாக வந்துவிட்டது. அது கொஞ்சம் இறுக்கமாகத்தான் வரும், அதைச் சிக்கல் என்று நினைச்சுப் பலத்தைக் கூட்டக்கூடாது.

மூன்றாவது, தட்டு கொஞ்சம் வந்து நிற்பது. இதுதான் ஆபத்தான கட்டம். வெட்டின சிம், வளைந்த ட்ரே, அல்லது இருக்கையை விட்டு எழும்பின சிம் கம்பிகளுக்குள் மாட்டியிருக்கு என்று அர்த்தம். குறட்டால் பிடிச்சு இழுத்தால் ட்ரே வரும், கம்பியும் முறிஞ்சு வரும். ட்ரேயைத் திரும்ப உள்ளே தள்ளி, போனை வாசல் கீழே பார்க்கப் பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, மறுபடி பின்னால் முயற்சி செய்து பார்க்கலாம். ட்ரே பாதி திறந்திருந்தால், மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சிறு கீற்றாக வெட்டி, சிம்மின் பொன்னிற முகத்துக்கும் கம்பிகளுக்கும் நடுவில் மெதுவாக நுழைத்தால் கம்பிகள் மேலே எழும்பும். பிறகு தாளையும் ட்ரேயையும் ஒன்றாக இழுக்கலாம். கத்தி, எண்ணெய், சூப்பர் குளூ மூன்றும் வேண்டாம்.

நான்காவது, எங்களின் பொருளாதாரம் தந்த சிக்கல். நானோவைப் பழைய போனில் போட உதவும் அடப்டரை வெறுமையாக உள்ளே விட்டால் கம்பிகள் அதன் ஓட்டைக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும். இரண்டு சிம் அல்லது ஒரு சிம்மும் ஒரு மெமரி காட்டும் மட்டும் கொள்ளும் ஹைபிரிட் ட்ரேயில் மூன்றையும் போட ஆசைப்பட்டு, லைட்டரால் சூடாக்கிச் சிப்பை உரித்து மெமரி காட்டின் மேல் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். டேட்டாவுக்கு ஒரு சிம், கோலுக்கு ஒரு சிம் என்று கணக்குப் பார்க்கிற நாட்டில் இது நடக்கத்தான் செய்யும். 2022 நெருக்கடியில் புதிய போனின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது இருக்கிற போனையே திருத்திப் பாவிக்கிற வழக்கம் இன்னும் கூடியது. ஒட்டு வேலை தடிப்பைக் கூட்டும், கூடிய தடிப்புச் சிக்கும். இப்படிச் சிக்கினதை வீட்டில் எடுக்க முயற்சிக்காமல் கடையில் கொடுப்பதே நல்லது. அவர்கள் போனைத் திறந்து உள்பக்கமிருந்து தள்ளுவார்கள்.

தட்டே இல்லாத போன்

சிக்கும் ட்ரேக்கு ஆகக் கடைசித் தீர்வு ட்ரேயையே இல்லாமல் செய்வது. இ-சிம் என்பது போனின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட சிப். அதற்குள் நிறுவனம் உங்கள் கணக்கை இணையத்தால் இறக்கித் தரும். 2018 இல் ஐபோனில் அது ட்ரேயோடு சேர்ந்து வந்தது. 2022 இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14 இல் ட்ரே இல்லை. 2025 இல் ஐபோன் 17 வந்தபோது ட்ரே இல்லாத நாடுகளின் பட்டியலில் கட்டார், குவைத், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம், ஓமான், பஹ்ரேன் ஆகியவையும் சேர்ந்தன. எங்கள் ஊர்களுக்குப் போன் வருகிற பாதைகளில் முக்கியமானவை இந்த நாடுகள்தான்.

இ-சிம்மில் நன்மை இல்லையென்று சொல்ல ஏலாது. தூசி போகாது, தண்ணீர் போக ஒரு வாசல் குறையும், களவெடுத்தவன் சிம்மைக் கழற்றி எறிய முடியாது, மிச்சமாகும் இடத்தில் பெரிய பற்றரி வைக்கலாம். இலங்கை நிறுவனங்களும் இ-சிம் தருகின்றன.

ஆனால் இழப்பை எண்ணிப் பார்க்கவேண்டும். திரை செத்த போனிலிருந்து ஒரு பின்னால் சிம்மை எடுத்துப் பழைய நொக்கியாவில் போட்டால் அடுத்த நிமிசம் அம்மாவுக்குக் கோல் எடுக்கலாம். இ-சிம் செத்த போனுக்குள்ளே இருந்தால் நிறுவனத்தின் செயலி, கியூஆர் குறி, இணையம், அல்லது ஒரு கிளை அலுவலகத்தின் வரிசை வேணும். கொழும்பில் இருக்கிறவருக்கு அது அரை மணித்தியால வேலையாக இருக்கலாம். வங்கியின் இரகசிய எண் குறுஞ்செய்தியில் வரவேண்டியிருக்கும் ஒருவருக்கு, ஸ்மார்ட்போனில் பழக்கமில்லாத ஒரு வயதானவருக்கு, பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தரம் மட்டும் போகிற ஊரில் இருப்பவருக்கு அது ஒரு முழு நாள். 1987 இல் போனிலிருந்து பிரித்தெடுத்த ஆள், திரும்பப் போனுக்குள் போகிறார். இலக்கத்தை மாற்ற மீண்டும் நிறுவனத்திடம் கேட்கவேண்டிய நிலை, 1989 இன் செல்டெல் பாவனையாளருக்கு நன்றாகத் தெரிந்த நிலைதான்.

அதனால் வெளிநாட்டிலிருந்து யாராவது போன் கொண்டுவந்தால், கமராவைப் பார்க்க முதல் விளிம்பில் அந்தக் கோடும் துளையும் இருக்கா என்று பாருங்கோ. வாங்கித் தரச் சொல்லுகிறபோதே கேளுங்கோ. ட்ரே இருக்கிற போன் கையில் இருந்தால் சிம்மை வெட்டாதீர்கள், நிறுவனத்தில் சரியான அளவில் மாற்றி எடுங்கள், பெட்டியோடு வந்த பின்னைத் தொலைக்காமல் வையுங்கள். ட்ரே சிக்கினால் பொறுமையாகக் கையாளுங்கள். உள்ளே இருக்கிற அந்த ஆறு கம்பி முறிந்தால், உங்கள் இலக்கத்தை நீங்களே கையால் எடுத்து மாற்றுகிற வழியும் அந்தப் போனில் அதோடு முடிந்துவிடும்.